குடம் உடைந்தது

எங்கள் வீட்டுக்கு வருகிறவர்கள் முதலில் உட்கார இடம் தேடுவார்கள். கிடைக்காது. நாற்காலியில் மேண்டலின் இருக்கும், கட்டிலில் தம்புரா மல்லாந்து கிடக்கும், சுவரில் இன்னோர் ஆணி அடிக்க ஒரு விரல் இடம் இருக்காது. "உக்காருங்க, உக்காருங்க" என்று நானும் சொல்லிக்கொண்டே இருப்பேன். வந்தவர் நின்றபடியே காப்பியைக் குடித்துவிட்டுக் கிளம்பிவிடுவார். சேலம் அரிசிபாளையத்தில் விருந்தாளி அரை மணிக்கு மேல் தங்காத வீடு எங்களுடையதுதான். அதில் எனக்கு ஒன்றும் வருத்தம் இல்லை.

என் பெயர் ஜெபமலர். பெண்கள் பள்ளிக்கூடத்தில் பாட்டு டீச்சர். வீட்டுக்காரர் அற்புதராஜ் தந்தி ஆபீசில் குமாஸ்தா. ஞாயிற்றுக்கிழமை மாதா கோயிலில் பாடகர் குழுவுக்குப் பிடில் வாசிப்பார். நாங்கள் முதலில் பார்த்துக்கொண்டது அங்கேதான். நான் பாடப் பாட, அவர் பிடிலை ஓட்டமாக ஓட்டினார். பூசை முடிந்ததும் நேரே போய், "ஏனுங்க, பஸ்ஸைப் பிடிக்கணுமா உங்களுக்கு?" என்று கேட்டேன். "இல்லை" என்றார். அவ்வளவுதான். அடுத்த மாதம் பெண் கேட்டு ஆள் அனுப்பினார்.

அவர் பேச்சே அப்படித்தான். ஊராருடைய சங்கதியை எல்லாம் சுருக்கிச் சுருக்கித் தட்டி அனுப்புகிற வேலை. அந்தப் பழக்கம் வாயிலும் ஏறிவிட்டது. கல்யாணமான மூன்றாம் நாள் வாசலில் நின்றுகொண்டு, "மழை. குடை. எங்கே?" என்றார். "நான் பொண்டாட்டிங்க, உங்க ஆபீஸ் மிஷின் இல்லை. முழுசாக் கேளுங்க" என்றேன். சிரித்தார். திருந்தவில்லை.

முதல் வாத்தியம் கல்யாணமான வருஷமே வந்துவிட்டது. 1951. சூரமங்கலம் ரயில்வே குவார்ட்டர்ஸைக் காலி செய்துகொண்டு போன ஓர் என்ஜின் டிரைவரிடமிருந்து பழைய மேண்டலின் ஒன்றை வாங்கிக்கொண்டு வந்து நின்றார். நான் சேலைக்குச் சொல்லியிருந்தேன். வாசலிலேயே நிறுத்தி நாலு கேள்வி கேட்க வேண்டும் என்று வாயைத் திறந்தேன். அதற்குள் அதை என் கையில் கொடுத்துவிட்டார். மூன்று தந்தி அறுந்திருந்தது. உள்ளே ஒரு கரப்பான்பூச்சிக் குடும்பம் வேறு. ஆனால் மிச்சமிருந்த தந்தியைத் தட்டியதும் வந்த நாதம் இருக்கிறதே, அடடா! அன்றைக்குச் சோறு தீய்ந்து போயிற்று. தீய்ந்த சோற்றைத் தின்றுவிட்டு இருவரும் மறுபடி மேண்டலினிடமே போய் உட்கார்ந்தோம்.

அதோடு பித்துப் பிடித்தது. அவருக்கு மட்டும் என்று சொன்னால் என் நாக்கு அழுகிப் போகும்; எனக்கும்தான். எங்கேயாவது யார் வீட்டிலாவது அந்தக் காலத்துத் தந்தி வாத்தியம் கிடக்கிறது என்று காதில் விழுந்தால் போதும், சனிக்கிழமை பஸ் ஏறிவிடுவோம். ஆத்தூரில் ஓர் அரிசி மில்காரர் பரணில் தம்புரா கிடைத்தது. நாமக்கல்லில் லாரிக்குப் பாடி கட்டுகிற பட்டறையில், பலகைக் குவியலுக்குள் ஒரு சாரங்கி கிடந்தது. அடுப்புக்குப் போக இருந்ததை நான்தான் பிடுங்கினேன். சேந்தமங்கலத்தில் கோட்டுவாத்தியம் வாங்கிக்கொண்டு திரும்பும்போது பஸ் கண்டக்டர், "இதுக்கு அரை டிக்கெட்டுங்க" என்றான். "ஏம்ப்பா?" என்றேன். "சீட்டுல உக்கார வச்சா டிக்கெட், மடியில வச்சா இல்லீங்க" என்றான். சேலம் வரைக்கும் மடியில் வைத்துக்கொண்டே வந்தேன். இறங்கும்போது இரண்டு காலும் என்னுடையதாகவே இல்லை.

வாங்கியதை அழகுக்கு மாட்டி வைக்கிற வழக்கம் எங்களிடம் கிடையாது. வந்த வாத்தியம் ஒரு மாதத்துக்குள் பேசியாக வேண்டும். அவர் வச்சிரப் பசை காய்ச்சி ஒட்டுவார், நான் மெழுகு பிடித்து, விரல் வைக்கிற மெட்டுகளைப் பதிப்பேன். வச்சிரம் காய்கிற நாற்றத்துக்கு அக்கம்பக்கத்தில் ஜன்னலைச் சாத்துவார்கள். பிறகு ஸ்ருதி சேர்க்கிறோம் என்று சண்டை போடுவோம். அவர் காது கோயில் ஆர்மோனியத்துக்குப் பழகியது, என் காது என் தொண்டைக்குப் பழகியது. "அரைக் கட்டை ஏறியிருக்கு" என்பேன். "இல்லை" என்பார். அந்த "இல்லை"யை வைத்துக்கொண்டு என்ன செய்வது?

எங்கள் வீட்டில் பேச்சே மாறிப்போயிருந்தது. குதிரை என்றால் எங்களுக்குத் தந்தியைத் தாங்குகிற குதிரைதான். வண்டி இழுப்பது ஞாபகத்துக்கு வராது. குடம் என்றால் வீணையின் குடம்தான். ஒருநாள் பாத்திரம் தேய்க்க வருகிற சின்னாயி, "அம்மா, குடத்துக்குப் புளி போட்டுத் தேய்க்கட்டுங்களா?" என்று கேட்டாள். நாங்கள் இரண்டு பேரும் ஒரே குரலில் அலறினோம். பாவம், அவள் கையில் இருந்தது தண்ணீர்க் குடம். அன்றிலிருந்து தண்ணீர்ப் பாத்திரத்துக்குத் தவலை என்று பெயர் வைத்துவிட்டோம்.

அந்த வீணையைப் பற்றிச் சொல்ல வேண்டும்.

1957-ல் கூட வேலை பார்க்கிற டீச்சர் கல்யாணத்துக்குப் பட்டு எடுக்க ராசிபுரம் போனோம். ராசிபுரம் வரை போய்விட்டு நெய் வாங்காமல் திரும்புவதா என்று ஒரு நெய்க்கடைக்குள் நுழைந்தோம். கடையும் வீடும் ஒன்றாக இருந்த இடம். உள்ளறைக் கதவு திறந்திருந்தது. நெய் டின்களுக்குப் பின்னால் ஒரு யாளி முகம் என்னைப் பார்த்தது. நான் கடைக்கார அம்மாளைக் கேட்காமலே உள்ளே போய்விட்டேன். என் பின்னால் என் வீட்டுக்காரரும் வந்தார்.

ஏகாண்ட வீணை. குடமும் தண்டியும் ஒரே பலாமரத்தில் குடைந்தது, ஒட்டே கிடையாது. அந்த மாதிரியை நாங்கள் பார்த்ததே இல்லை. அவர் நாலு பேர் தெருவில் விழுந்ததைப் பார்த்தாலும் நிதானமாக இருக்கிற மனுஷன். அன்றைக்கு நெய் டின்னில் காலை இடித்துக்கொண்டு நின்றார். "அம்மா. வீணை. விலை?" என்றார்.

"விக்கறதுக்கில்லீங்க" என்று பின்னால் ஒரு குரல் கேட்டது.

பூவாத்தாள் அம்மாள். ஐம்பது ஐம்பத்தைந்து வயது, பனைமரம் மாதிரி நிமிர்ந்த உடம்பு. வீட்டுக்காரர் சண்முகவேல் போய் இரண்டு வருஷம் ஆகியிருந்தது. அந்த மனிதர் யாரோ ஒரு வித்துவானிடம் ஆசைப்பட்டு இதை வாங்கியிருக்கிறார்; வாசிக்கத் தெரியாது. பொழுதோடு கடையைக் கட்டிவிட்டு வந்து பக்கத்தில் உட்கார்ந்து ஒரு தந்தியை டங் டங்கென்று தட்டிக்கொண்டிருப்பாராம். "ராவெல்லாம் அதே சத்தம்ங்க. எனக்கு எரிச்சலா வரும். இப்ப அது இல்லாம இருக்க முடியல" என்றார் அந்த அம்மாள். பிறகு என்னைப் பார்த்து, "உனக்கு வாசிக்கத் தெரியுமா அம்மிணி?" என்றார்.

ஸ்ருதி சேர்க்கவே முக்கால் மணி நேரம் ஆயிற்று. கைக்கெல்லாம் நெய்ப் பிசுக்கு. ஒரு கீர்த்தனை வாசித்தேன். அந்த அம்மாள் என் முகத்தைப் பார்க்கவே இல்லை, குடத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். முடித்ததும், "எடுத்துக்கிட்டுப் போ" என்றார்.

"விலை..." என்று ஆரம்பித்தார் இவர்.

"விக்கலீங்க தம்பி. வாசிக்கறதுக்குக் குடுக்கறேன். எம்பட சாமான் எம்பட சாமான்தான். மாசாமாசம் அமாவாசை கழிச்சு வந்து பார்ப்பேன். ஒரு கீறல் உழுந்தாலும் அன்னிக்கே எனக்குச் சொல்லியனுப்போணும். வந்து எடுத்துக்கிட்டுப் போயிருவேன். சம்மதமுங்களா?"

"தந்தி அடிக்கிறேன்" என்றார் இவர். அவர் கொடுக்கிற வாக்குறுதி அது. நானும் தலையை ஆட்டினேன்.

ஏழு வருஷம். சொன்னால் நம்ப மாட்டீர்கள், ஏழு வருஷத்தில் ஒரு மாதம் தவறவில்லை. அமாவாசை கழிந்த மறுநாள் பத்து மணி பஸ்ஸில் பூவாத்தாள் வந்து இறங்குவார். கையில் நெய்த் தூக்கு இருக்கும். அதை என் கையில் கொடுத்துவிட்டு நேரே வீணையிடம் போவார். பிரேக் இன்ஸ்பெக்டர் லாரியைச் சுற்றி வருகிற மாதிரி அதைச் சுற்றி வருவார். குடத்தை அடியிலிருந்து தடவுவார், விரலால் தட்டிக் காதை வைப்பார். "ம்" என்பார். அதன் பிறகுதான் அந்த முகத்தில் ஒரு சிரிப்பு வரும், பேச்சு வரும், சாப்பாடு இறங்கும். மருமகளைப் பற்றி, நெய்யில் டால்டா கலக்கிறவர்களைப் பற்றி, பஸ் டிரைவரைப் பற்றி எல்லாம் பேசுவார். நான் ஒரு கீர்த்தனை வாசிப்பேன். நாலு மணி பஸ்ஸுக்குப் போய்விடுவார்.

எனக்கு உள்ளூரக் கோபம்தான். ஒரு தடவை எனக்கு நாலு நாள் காய்ச்சல், எழுந்திருக்க முடியாமல் படுத்திருந்தேன். அன்றைக்கும் முதலில் வீணையிடம்தான் போனார். "நாம இங்க வாட்ச்மேன் வேலை பார்க்கிறோம்" என்று அந்த அம்மாள் போனதும் பொரிந்து தள்ளினேன். இவர், "சாமான் அவங்களுது" என்றார்.

அதுதான் எனக்குத் தாங்கவில்லை. பதினாறு வாத்தியத்தில் என்னுடையது என்று நான் நினைத்தது அது ஒன்றைத்தான். காலையில் பள்ளிக்கூடம் போகுமுன் அரை மணி அதை எடுத்து வைத்துக்கொள்ளாவிட்டால் அன்றைய பொழுது எனக்கு விளங்காது. மற்ற வாத்தியங்களில் விரல் போகும். இதில் மனசே போகும். சட்டப்படி அது என்னுடையது இல்லை என்பதை நான் மறந்தே போயிருந்தேன். மாதத்துக்கு ஒருமுறை அந்த அம்மாள் வந்து ஞாபகப்படுத்திவிட்டுப் போவார்.

1964 சித்திரையில் இவர் ஆத்தூர் போய் ஒரு தில்ரூபாவோடு திரும்பினார். பதினேழாவது. எருமைக்கன்று கனம் கனத்தது. சுவரில் இடமில்லை. வீணை இருந்த மூலைக்கு நேர் மேலே ஓர் ஆணியை அடித்தார்.

"அது காரைச் சுவருங்க, உதிரும்" என்றேன்.

"தாங்கும்."

"கீழே வீணை இருக்கு."

"தாங்கும் என்றேனே."

வியாழக்கிழமை மத்தியானம் தாங்கவில்லை. பள்ளிக்கூடம் லீவு, நான் அடுக்களையில் இருந்தேன். தடால் என்று ஒரு சத்தம், அதன் பின்னால் ஏழு தந்தியும் சேர்ந்து ஓர் அலறல். ஓடிப் போய்ப் பார்த்தால் தில்ரூபா பாய் மேல் சௌக்கியமாகப் படுத்திருக்கிறது, ஒரு கீறல் இல்லை. வீணைக் குடத்தில் ஒரு சாண் நீளத்துக்குப் பிளவு.

நான் கத்திய கத்தலில் தெருவே எட்டிப் பார்த்தது. அவர் ஆபீசிலிருந்து சாப்பிட வந்தவர், செருப்பைக்கூடக் கழற்றாமல் பிளவுக்கு முன்னால் உட்கார்ந்துவிட்டார். அப்புறம் என்ன, சண்டைதான். ஆணி அடித்தது யார், தில்ரூபா கேட்டது யார், பேராசை யாருக்கு என்று நான் ஒரே மூச்சில் எல்லாவற்றையும் இறக்கினேன். மூச்சு வாங்கியதும் விஷயத்துக்கு வந்தேன்.

"அமாவாசைக்கு இன்னும் பதினோரு நாள் இருக்கு. வச்சிரம் போட்டு இறுக்கிக் கட்டினா ஒரு வாரத்துல பிடிச்சிரும். மேல அரக்கு பூசி மெருகேத்தினா அந்தம்மா கண்ணுக்கே தெரியாது. வாயை மூடிக்கிட்டு இருங்க. உங்களுக்கு அது சுலபம்தானே?"

அவர் என்னை நிமிர்ந்து பார்த்தார். "வாக்குக் கொடுத்தேன்" என்றார்.

"எடுத்துக்கிட்டுப் போயிருவாங்க!"

சாப்பிடாமலே ஆபீசுக்குத் திரும்பிப் போனார். சாயங்காலம் வந்து, "அடித்துவிட்டேன்" என்றார். என்ன அடித்தீர்கள் என்று கேட்டேன். இங்கிலீஷ் எழுத்தில் தமிழை வைத்து அனுப்பினாராம்: குடம் உடைந்தது. உடனே வரவும். அற்புதராஜ்.

சத்தியமாகச் சொல்கிறேன், அதில் தப்பு இருப்பதாக எனக்கும் தோன்றவில்லை. குடம் என்றால் குடம்தானே, அதற்கு மேல் என்ன எழுத இருக்கிறது?

வெளிச்சம் இருக்கும்போதே வீணையைத் துடைத்து, மெழுகு ஒட்டியிருந்த இடமெல்லாம் சுரண்டி, கடைசியாக ஒருமுறை வாசித்துப் பார்த்தேன். பிளவு கரகரவென்று கூடவே பேசியது. அந்தக் குரலும் எனக்குப் பிடித்துத்தான் இருந்தது. அழுதுகொண்டே ஒரு பழைய போர்வையில் சுற்றி, எடுத்துப் போக வாகாகக் கயிறு கட்டி வைத்தேன். அவர் பக்கத்தில் வந்து நின்றார். நான் பேசவில்லை. தில்ரூபாவோடும் பேசவில்லை.

மறுநாள் காலை எட்டு மணி இருக்கும். அவர் கிணற்றடியில் குளித்துக்கொண்டிருந்தார். தெருக்கோடியில் ஒப்பாரிச் சத்தம் கேட்டது. எதிர்வீட்டுப் பெரியவர் இரண்டு மாதமாக இழுத்துக்கொண்டிருந்தார். ஐயோ பாவம், போய்விட்டார் போலிருக்கிறது என்று சிலுவை போட்டுக்கொண்டு முந்தானையைத் தலையில் இழுத்துவிட்டு வாசலுக்கு வந்தேன். எதிர்வீட்டுப் பெரியவர் தம் வாசலில் நின்று வேடிக்கை பார்த்துக்கொண்டிருந்தார்.

தெருவில் மூன்று பேர் வந்துகொண்டிருந்தார்கள். நடுவில் பூவாத்தாள். தலை அவிழ்ந்து கிடக்கிறது, மாரில் அடித்துக்கொண்டு வருகிறார். ஒரு பக்கம் மகன் காளியப்பன் கையில் பையோடு தாங்கிப் பிடித்திருக்கிறான். இன்னொரு பக்கம் அவருடைய பக்கத்து வீட்டுப் பாப்பாயி. அவர் மருமகளுக்கு ஏதாவது ஆகிவிட்டதா? ஓடிப் போய் அவர் கையைப் பிடித்துக்கொண்டு, "பெரியம்மா! ஆருங்க போயிட்டாங்க?" என்று கேட்டேன்.

அந்த அம்மாள் கண்ணைத் திறக்காமலே, "நீதாஞ் சாமி போயிட்ட" என்றார். அழுகையை நிறுத்தவும் இல்லை.

"நெய்யத் தூக்கி வந்தேனே, நேரா வீணைக்குப் போனேனே,
கட்டையத் தடவிப் பார்த்தேனே, எங் கண்ணு கன்னந் தடவலையே..."

"நானா?" என்றேன்.

அப்போதுதான் கண்ணைத் திறந்தார். பாப்பாயி, "பேயி!" என்று ஒரு கூச்சல் போட்டுவிட்டுக் காளியப்பனுக்குப் பின்னால் ஒளிந்தாள். காளியப்பன் பையைக் கீழே போட்டான்.

"நீ சாகலையா?" என்றார் பூவாத்தாள்.

"இல்லீங்களே பெரியம்மா."

"அப்பறம் தந்தி வந்துச்சே!" காளியப்பன் சட்டைப் பையிலிருந்து காகிதத்தை எடுத்து நீட்டினான். "குடம் உடைஞ்சுது, உடனே வான்னு. தபால்காரரு மூணு தடவை படிச்சாருங்க. குடம்னா கொள்ளிக்குடம், சாவைத்தான் அப்படிச் சொல்றாருன்னு நெனச்சோமுங்க. எடுக்கறதுக்குள்ள போயிரோணும்னு மொதல் பஸ்ஸுல வாரோம். தந்தி குடுத்தவரு அவரு. ஊட்டுல இருக்கறது ரெண்டே பேரு. அப்பப் போனது ஆருங்க?"

"வீணைக் குடமப்பா!"

"அட கெரகமே! வீணைன்னு ஒரு வார்த்தை சேர்த்து எழுதுனா கை தேஞ்சா போயிரும்?"

"கிறிஸ்தவங்க ஊட்டுல ஏது குடம் உடைக்கறதுன்னு நான் அப்பவே கேட்டேன்" என்றாள் பாப்பாயி பின்னாலிருந்து.

"நீ எங்க கேட்ட? நீதானே மொதல்ல அழுக ஆரம்பிச்சது!" என்றான் காளியப்பன்.

இந்த நேரம் பார்த்து இவர் ஈரத் துண்டோடு வாசலுக்கு வந்தார். எல்லோரையும் பார்த்தார். காளியப்பன் கையில் தந்தியைப் பார்த்தார். புரிந்துவிட்டது போலிருக்கிறது, முகம் வெளுத்துப் போய், "குடம்... வீணை... நான்..." என்றார். வாழ்க்கையில் முதன்முறையாக வார்த்தைக்குத் தடுமாறினார். நான் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தேன். எதிர்வீட்டுப் பெரியவர் சிரிக்க ஆரம்பித்து இருமலில் முடித்தார்.

பூவாத்தாள் மட்டும் சிரிக்கவில்லை. இரண்டு கையாலும் என் முகத்தைப் பிடித்துக்கொண்டார். நெற்றி, கன்னம், கழுத்து, தோள் என்று தடவிக்கொண்டே வந்தார். முதுகில் பளாரென்று ஓர் அடி வைத்தார். "ராவெல்லாம் எங் கொலை நடுங்கிப் போச்சேடி பாவி" என்று சொல்லிவிட்டு என்னைக் கட்டிக்கொண்டு உண்மையாகவே அழுதார். எனக்காக யாரும் அப்படி அழுது நான் பார்த்ததில்லை. வெட்கமாகவும் இருந்தது, தாங்க முடியாத சந்தோஷமாகவும் இருந்தது. ஏழு வருஷமாக இந்த மனுஷியை வாட்ச்மேன் வைத்த முதலாளி என்றல்லவா திட்டிக்கொண்டிருந்தேன்!

உள்ளே கூட்டிவந்து, மேண்டலினையும் தம்புராவையும் நகர்த்தி, மூன்று பேரையும் உட்கார வைத்தேன். காப்பி போட்டேன். கீழே கிடந்த பையை எடுத்து ஓரமாக வைக்கப் போனபோது அதற்குள்ளிருந்து ஒரு சேலை சரிந்து விழுந்தது. ராசிபுரம் பட்டு. அரக்கு நிறம், பச்சைக் கரை. மடிப்புக் கலையாதது.

"இது என்னங்க?"

காளியப்பன் தலையைச் சொறிந்தான். பூவாத்தாள்தான் சொன்னார்: "கோடி. உனக்கு அப்பனாத்தா இல்ல, கூடப் பொறந்தவங்களும் இல்லேன்னு என்னிக்கோ சொன்னியில்ல? பொறந்த ஊட்டுக் கோடி ஆரு போடுவாங்க? கோடி இல்லாமப் போவியேன்னு ராத்திரியே தறிக்காரரு ஊட்டைத் தட்டி எடுத்தாந்தேன்."

செத்தவளுக்குப் பிறந்த வீட்டார் போடுகிற கடைசிச் சேலை அது. என் கையில் இருந்தது.

"அதைத் தொடாதீங்க, ஆகாது" என்றாள் பாப்பாயி.

"சும்மா இரு. மூலையில மஞ்சத் தொட்டு வச்சா அது கோடியில்ல, சீரு. கட்டிக்க அம்மிணி. பொறந்த ஊட்டுக் கோடிய உசுரோட கட்டிப் பார்க்கற பாக்கியம் இந்தச் சில்லாவுலயே உனக்குத்தான்."

சிரிப்பும் அழுகையும் ஒன்றாக வந்தது எனக்கு. அதற்கு மேல் மனசுக்குள் வைத்திருக்க முடியவில்லை. வச்சிரம் காய்ச்சி அரக்கு பூசி இந்த அம்மாளையா ஏமாற்ற நினைத்தேன்? நேரே மூலைக்குப் போய்ப் போர்வையில் கட்டியிருந்த வீணையைத் தூக்கிக்கொண்டு வந்து அவர் முன்னால் வைத்தேன்.

"பெரியம்மா, குடம் உடைஞ்சது நெசம். ஒரு சாணுக்குப் பொளந்திருக்கு. நான் மறைக்கத்தான் பார்த்தேன், அவருதான் விடலை. சொன்ன சொல்படி நீங்க எடுத்துக்கிட்டுப் போங்க." என்றேன்.

காளியப்பன் முடிச்சை அவிழ்க்கக் கையை நீட்டினான். பூவாத்தாள் அந்தக் கையில் ஒரு தட்டுத் தட்டினார்.

"ஏண்டா, நாம இங்க எதுக்கு வந்தோம்?"

"எளவுக்கு."

"எளவுக்கு வந்தவ அந்த ஊட்டுச் சாமானைத் தூக்கிக்கிட்டுப் போவாளா? ஊரு காறித் துப்பாது?"

"அம்மா, தந்தியிலயே குடம் உடைஞ்சுதுன்னு..."

"தந்தியில எளவுன்னு வந்துச்சு. நான் எளவுக்கு வந்தேன். வீணை பார்க்க நான் வாரது அமாவாசை கழிச்சுத்தான். அன்னிக்கு வந்து தடவிப் பார்ப்பேன். கீறல் கையில தட்டுப்பட்டா எடுத்துக்கிட்டுப் போயிருவேன், சொன்ன சொல்லு சொன்னதுதான். இன்னிக்கு நான் எதையும் பார்க்கல." சொல்லிவிட்டு வீணைக்கு முதுகைக் காட்டித் திரும்பி உட்கார்ந்துகொண்டார்.

அவர் சுவரைப் பார்த்துக்கொண்டே மெதுவாகச் சொன்னார்: "மாசாமாசம் அந்தக் குடத்தைத் தடவறப்ப எனக்கு அடி வவுறு கலங்கும் அம்மிணி. கீறல் கண்டுபோட்டா எடுத்துக்கிட்டுப் போவோணுமே. வீணை எம்பட ஊட்டுக்கு வந்துட்டா அப்பறம் நான் எதைச் சொல்லிக்கிட்டு இங்க வாரது? நெய் விக்கவா வார முடியும்?"

இவர் தொண்டையைக் கனைத்துக்கொண்டார். வழக்கத்துக்கு மாறாக நீளமாகப் பேசப் போகிறார் என்று நினைத்தேன். "பதினோரு நாள். போதும்" என்றார்.

"எனக்கு ஒண்ணும் கேக்கல தம்பி" என்றார் பூவாத்தாள்.

பத்து மணி பஸ்ஸுக்குக் கிளம்பினார்கள். சாவு வீட்டுக்கு வந்தவர்கள் போகும்போது சொல்லிக்கொள்ள மாட்டார்கள்; எங்கள் பக்கமும் அதுதான், அவர்கள் பக்கமும் அதுதான். வருகிறேன் என்று சொன்னால் மறுபடியும் சாவுக்கு வருவதாகிவிடும். காளியப்பனும் பாப்பாயியும் அந்தப் பழக்கத்தில் தலையைக் குனிந்துகொண்டு பேசாமல் படியிறங்கிவிட்டார்கள். பூவாத்தாளும் அவர்கள் பின்னால் இறங்கி நடந்தார். நான் அந்தச் சேலையை மார்போடு அணைத்துக்கொண்டு வாசலில் நின்றேன். என்னிடம் ஒரு வார்த்தை சொல்லாமல் அவர் போகிறதைப் பார்க்க எனக்கு என்னவோ போல் இருந்தது.

தெருமுனை வரைக்கும் போனவர் நின்றார். காளியப்பன் என்னவோ சொல்லிக் கையைப் பிடித்து இழுத்தான். அவர் அந்தக் கையை உதறினார்.

"எளவு எங்கடா உழுந்துச்சு? எம்மவ அங்க கல்லுக்குண்டாட்ட நிக்கிறா!" என்று தெருவே கேட்கக் கத்தினார். பிறகு என் பக்கம் திரும்பி, இரண்டு கையையும் தூக்கி ஆட்டினார். "வாரேன் ஜெபம்! வாரேன் சாமி! அமாவாசை கழிச்சு வாரேன்!"

"வாங்க அம்மா!" என்று நானும் கத்தினேன். பெரியம்மா என்று சொல்ல நினைத்தது வாயில் அப்படி வந்துவிட்டது.